சோதனைக் காலத்தில் விசுவாசம்: எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் ஆஸ்பத்திரிக்கும் வீடுகளுக்கும் போய் நோயாளிகளைப் பார்த்து ஜெபித்துவிட்டு வருகிற ஒரு சின்னக் குழு இருக்கிறது, அதில் நானும் ஒருவன். ஜெபம் முடிந்து கிளம்பும்போது வாசல் வரைக்கும் கூடவே வந்து, வீட்டில் மற்றவர்கள் காதில் விழாதபடி மெதுவாகச் சில கேள்விகள் கேட்பார்கள். வார்த்தை மாறும், ஆள் மாறும், கேள்வி மட்டும் அதேதான். அவற்றைத்தான் இங்கே அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். நான் ஆயர் இல்லை, வேதாகமக் கல்லூரியில் படித்தவனும் இல்லை. வசனங்களின் இடத்தைக் குறித்திருக்கிறேன், வேதத்தை எடுத்து முன்னும் பின்னும் சேர்த்து நீங்களே வாசித்துப் பாருங்கள்.

"இந்தக் கஷ்டத்தை அனுப்புறது கடவுளா, சாத்தானா?"

யோபு புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் கேடு செய்கிறவன் சாத்தான், ஆனால் கர்த்தர் போட்ட எல்லையைத் தாண்ட அவனால் முடியவில்லை. இது வாசிக்கிற நமக்குத் தெரிகிறது, யோபுவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. 42 அதிகாரமும் முடிந்துபோகிறது, தன் பத்துப் பிள்ளைகளும் ஏன் செத்தார்கள் என்று அவனுக்கு யாரும் காரணம் சொல்லவே இல்லை. கர்த்தர் அவனிடம் வந்தார், பேசினார், அவ்வளவுதான் நடந்தது, அது அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

அதோடு யாக்கோபு 1:13 தெளிவாகச் சொல்கிறது, தேவன் ஒருவனையும் பொல்லாங்குக்கு இழுக்கிறவர் இல்லை என்று. ஆகவே உங்களைத் தள்ளிவிட்டு விழுகிறீர்களா என்று வேடிக்கை பார்க்கிறவராக அவரை நினைக்க வேண்டாம். கஷ்டம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்த பிறகுதான் அவரைப் பிடித்துக்கொள்ளலாம் என்று வேதத்தில் எங்கேயும் நிபந்தனை இல்லை.

"நான் என்ன பாவம் பண்ணேன், எனக்கு ஏன் இப்படி?"

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அதுவும் குழந்தைக்கு நோய் என்றால் தாய்மார் கேட்காமல் இருப்பதே இல்லை. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்களும் இதையேதான் கேட்டார்கள், இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று. இரண்டுமில்லை என்று இயேசு சொல்லிவிட்டார் (யோவான் 9:1-3). சீலோவாமிலே கோபுரம் இடிந்து 18 பேர் செத்தபோது, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்றார் (லூக்கா 13:4-5).

நாம் செய்ததன் விளைவாக வருகிற கஷ்டமும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. குடித்துக் குடித்து ஈரல் கெட்டால் அது தெரிந்த காரணம்தான். அதற்கு மன்னிப்பும் உண்டு, மருந்தும் உண்டு. ஆனால் காரணமே தெரியாத ஒரு வியாதிக்கு நீங்களாகத் தேடிப்பிடித்து, பத்து வருஷத்துக்கு முன்னால் மாமியாரிடம் பேசிய ஒரு வார்த்தையை எடுத்து உங்கள்மேலேயே குற்றம் சுமத்திக்கொள்ளாதீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் அவனுக்குச் செய்தது இதுதான். கடைசியில் கர்த்தர் அவர்கள்மேல் கோபம் மூண்டது என்று சொன்னார், யோபுவின்மேல் இல்லை (யோபு 42:7).

"அழுதா விசுவாசம் இல்லைன்னு அர்த்தமா? சாவு வீட்டுல கூட அழக்கூடாதுன்னு சொல்றாங்களே."

செத்துப்போன லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர்விட்டார் (யோவான் 11:35). ஸ்தேவான் கல்லெறியப்பட்டுச் செத்தபோது தேவபக்தியுள்ள மனுஷர் அவனை அடக்கம்பண்ணி, அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் (அப்போஸ்தலர் 8:2). நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதினார் (1 தெசலோனிக்கேயர் 4:13), துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு தாயிடம் "அழாதீங்க, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனாலும் அது கொடுமை. அவர்கள் அழட்டும், விட்டுவிடுங்கள்.

"எனக்குக் கடவுள்மேலேயே கோபம் வருது. அதைச் சொன்னா பாவமா?"

அவரிடமே சொல்லுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்டது தாவீது, 13ஆம் சங்கீதம். எரேமியா ஒருபடி மேலே போய்த் தான் பிறந்த நாளையே சபித்தான் (எரேமியா 20:14). 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள், மற்ற அழுகைச் சங்கீதங்கள் பலவற்றிலாவது முடிவில் ஒரு துதி வரும், இதில் அதுகூடக் கிடையாது, இருளிலேயே முடிகிறது. ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது, ஆராதனையில் பாடுவதற்காக எழுதப்பட்டது. அப்படிப்பட்ட ஒரு ஜெபத்தை நாமும் ஜெபிக்கலாம் என்று வேதமே இடம் கொடுத்திருக்கும்போது, நாம் ஏன் முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்க வேண்டும்?

கோபப்படுகிறவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை. பேச்சையே நிறுத்திவிட்டு, வெளியே எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருப்பவர்களைப் பற்றித்தான் கவலை. மேலே சொன்ன யோபு 42:7ஐ முழுசாக வாசியுங்கள், சிநேகிதர்கள் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை, யோபு பேசினான் என்று கர்த்தரே சொல்கிறார். அத்தனை அதிகாரங்கள் முழுக்க வழக்காடியவனுக்குக் கிடைத்த சாட்சி அது.

"ஜெபம் பண்ணவே முடியல. முழங்கால் போட்டா ஒரு வார்த்தை வரமாட்டேங்குது."

வார்த்தை வர வேண்டியதில்லை. நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாமலிருக்கும்போது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. ஐ.சி.யூ. வாசலில் இரவெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது, பரமண்டல ஜெபம் மனப்பாடமாகத் தெரியுமே, அதைச் சொல்லுங்கள், பாதியில் நின்றால் நின்ற இடத்தில் விட்டுவிடுங்கள். சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் படித்த 23ஆம் சங்கீதம் போதும். அதுவும் முடியாவிட்டால் "இயேசுவே" என்ற ஒரு வார்த்தை.

அப்புறம், மற்றவர்கள் உங்களுக்காக ஜெபிக்கட்டும். திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கினார்களே நாலு பேர், அங்கே இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது (மாற்கு 2:5). படுக்கையில் கிடந்தவன் ஏதாவது ஜெபித்தானா என்று மாற்கு ஒன்றும் எழுதவில்லை. சபை என்று ஒன்று இருப்பதே இப்படிப்பட்ட நாட்களுக்காகத்தான். தூக்கிக்கொண்டு போக ஆள் இருக்கும்போது நடந்தே வருவேன் என்று அடம்பிடிக்காதீர்கள்.

"மாத்திரை சாப்பிடுறது, ஆபரேஷன் பண்ணிக்கிறது எல்லாம் விசுவாசக் குறைவா?"

இல்லவே இல்லை. எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தான், கர்த்தர் கேட்டு 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார், அதற்கு அப்புறமும் அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னான் ஏசாயா (ஏசாயா 38:21). தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் ஜெபத்துணி ஒன்றும் அனுப்பவில்லை, தண்ணீர் மட்டும் குடிக்காமல் கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்று எழுதினார் (1 தீமோத்தேயு 5:23). பவுலோடு கூடவே பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியன் (கொலோசெயர் 4:14). நம் ஊரிலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1900ஆம் ஆண்டு ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தது அது, ஜெபமும் ஊசியும் ஒன்றுக்கொன்று எதிரி என்று அவர் நினைத்திருந்தால் அந்த ஆஸ்பத்திரியே வந்திருக்காது.

வலிப்பு மாத்திரையையோ, இன்சுலினையோ, மனச்சோர்வுக்கான மருந்தையோ "விசுவாசத்தோடு நிறுத்து" என்று யாராவது சொன்னால், எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும் சரி, கேட்காதீர்கள். சுகமாகிவிட்டது என்று உங்களுக்குத் தோன்றினால் டாக்டரிடம் போய்ப் பரிசோதனை செய்து, அவர் சொன்ன பிறகு நிறுத்துங்கள். சுகமான குஷ்டரோகியைக்கூட இயேசு ஆசாரியனிடம் போய்க் காட்டச் சொன்னார் (மத்தேயு 8:4).

"விசுவாசம் இருந்தா இந்நேரம் சுகமாகியிருக்கும்னு சொல்றாங்க. அப்போ எனக்குத்தான் விசுவாசம் பத்தலையா?"

பவுலின் உடம்பில் பட்ட உறுமாலைக் கொண்டுபோய்ப் போட்டே வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19:12 சொல்கிறது. அதே பவுல் தன் சரீரத்தில் இருந்த முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை. கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்" (2 கொரிந்தியர் 12:7-9). கூட வந்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடேயே விட்டுவிட்டு வந்தேன் என்றும் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). பவுலுக்கு விசுவாசம் பத்தவில்லையா? அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறான், பேதுருவைத் தூதன் வந்து சிறையிலிருந்து கூட்டிக்கொண்டு போகிறான். ஒரே சபை, ஒரே ஏரோது. இரண்டு பேரில் யாருக்கு விசுவாசம் அதிகம் என்று அங்கே ஒரு கணக்கும் இல்லை.

இங்கே பக்கத்திலேயே பாருங்கள். டோனாவூரில் எத்தனையோ பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மாள் 1931இல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951இல் சாகும்வரை பெரும்பாலும் அறையை விட்டு வெளியே வர முடியாமலே இருந்தார். அந்த இருபது வருஷமும் அவருக்காக ஜெபிக்க ஆள் இல்லாமலா போனது? படுக்கையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், பிறகு தன்னைப்போல முடங்கிப்போனவர்களுக்கான மறுவாழ்வு மருத்துவத்தைப் படித்துவிட்டு வந்து வேலூரில் அதற்கென்று ஒரு பிரிவையே வளர்த்தார், 1972இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. அவர் கடைசிவரை எழுந்து நடக்கவில்லை. அவருக்கு விசுவாசம் இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

சுகத்துக்காக ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நாங்கள் ஒவ்வொரு வீட்டிலும் அதற்காகத்தான் ஜெபிக்கிறோம், சுகமானவர்களையும் பார்த்திருக்கிறோம். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூன்று பேரும் பாபிலோன் ராஜாவிடம் சொன்ன மாதிரி ஜெபித்தால் நல்லது. எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் நாங்கள் உன் சிலையைப் பணியமாட்டோம் என்றார்கள் (தானியேல் 3:17-18). அந்த "விடுவிக்காமற்போனாலும்" என்பதைச் சொல்லும்போது அவர்களுக்கு முடிவு தெரியாது, சூளை எரிந்துகொண்டிருந்தது.

"புது வருஷ ஆராதனையில எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்த வசனமா வந்துச்சு. அந்த வருஷம்தான் எல்லாம் போச்சு."

டிசம்பர் 31 ராத்திரி கையில் கிடைக்கிற அந்த வசன அட்டையை வருஷம் முழுக்க பர்ஸில் வைத்திருக்கிறவர்கள் நிறைய பேர், அதனால் இதைக் கேட்கும்போது எனக்கும் மனசு கனக்கிறது. ஆனால் அந்த வசனத்துக்கு ஒரு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன ஜனங்களுக்கு எழுதிய கடிதம் அது. 70 வருஷம் முடிந்த பிறகு உங்களைத் திரும்பக் கூட்டிவருவேன் என்று 10ஆம் வசனத்தில் இருக்கிறது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பி வராமலே பாபிலோனில் செத்திருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான், சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று 11ஆம் வசனத்தில் கர்த்தர் சொன்னார்.

அதுவரைக்கும் என்ன செய்யச் சொன்னார்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள் (29:5-7). வசனம் பொய்யாகவில்லை, பன்னிரண்டு மாதத்துக்குள் முடிகிற வசனமாக நாம்தான் அதை அட்டையில் அடைத்துவிட்டோம்.

"கஷ்டம் தீரணும்னு பொருத்தனை பண்ணி காணிக்கை கட்டச் சொல்றாங்க. கட்டணுமா?"

நன்றியோடு கொடுக்கிற காணிக்கை வேறு, பயத்தில் கட்டுகிற பணம் வேறு. கடன் வாங்கி, நகையை அடகு வைத்து "விதை விதை" என்று உங்களிடம் ஒருவர் கேட்டால் தாராளமாக முடியாது என்று சொல்லுங்கள், சாபம் எதுவும் வராது. அந்தப் பணத்தில் ஸ்கேன் எடுங்கள்.

"தாங்குற அளவுக்குத்தான் சோதிப்பார்னு சொல்றாங்க. என்னால தாங்க முடியல. செத்துடலாம்னு தோணுது."

முதலில் ஒன்று. செத்துவிடலாம் என்று தோன்றினால் இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். அதனால் உங்கள் விசுவாசம் ஒன்றும் குறைந்துபோகாது.

அந்த வசனம் 1 கொரிந்தியர் 10:13. விக்கிரகத்துக்கும் பாவத்துக்கும் இழுக்கப்படுவதைப் பற்றிப் பேசுகிற இடம், தப்பிக்கொள்ள வழியை உண்டாக்குவார் என்று முடிகிறது. எந்தத் துக்கமும் உங்கள் பலத்துக்கு மிஞ்சி வராது என்று அதை இழுத்துப் பேசினால், அதே பவுல் அதே ஜனங்களுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தோடு மோதும். ஆசியாவிலே எங்களுக்குப் பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போகும்படி எங்கள் பலத்துக்கு மிஞ்சின பாரமான வருத்தம் உண்டாயிற்று என்கிறார் (2 கொரிந்தியர் 1:8). அவருக்கே தாங்கவில்லை. தாங்க முடியவில்லை என்று நீங்கள் சொல்வதில் குற்றம் எதுவும் இல்லை.

எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றான் (1 இராஜாக்கள் 19:4). தூதன் வந்து திட்டினானா? சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துவிட்டு எழுப்பினான், சாப்பிட்டான், தூங்கினான், திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். புத்திமதி, கேள்வி எல்லாம் அப்புறம்தான் வந்தது. சில நாட்களில் நம்மால் செய்ய முடிந்த பெரிய விசுவாச காரியம் சாப்பிட்டுத் தூங்குவதுதான்.

"வீட்டுக்காரர் அடிக்கிறார். சிலுவையைச் சுமந்துக்கோன்னு சபையில சொல்றாங்க."

இது நீங்கள் சுமக்க வேண்டிய சிலுவை இல்லை. கிறிஸ்துவுக்காக வருகிற பாடு ஒன்று, ஒருவன் உங்களுக்குச் செய்கிற குற்றம் வேறொன்று. பவுல் சுவிசேஷத்துக்காக அடிபட்டார்தான், ஆனால் தப்ப முடிந்தபோது கூடையில் உட்கார்ந்து மதிலிலிருந்து இறங்கித் தப்பினார் (அப்போஸ்தலர் 9:25), வாரினால் அடிக்கக் கட்டியபோது ரோமனை நியாயம் விசாரிக்காமல் அடிக்கலாமா என்று சட்டம் பேசினார் (22:25). நீங்களும் பேசலாம். பெண்களுக்கான உதவி எண் 181. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போவதைப் பாவம் என்று சொல்கிறவர்களிடம் ஆலோசனை கேட்பதை நிறுத்துங்கள். மன்னிப்பதைப் பற்றிப் பிறகு பேசலாம், அதை அடிபடாத தூரத்தில் இருந்துகொண்டே பேசலாம்.

"எல்லாரும் அற்புதச் சாட்சி சொல்றாங்க. எங்க பிள்ளை செத்துட்டான். நாங்க என்ன சாட்சி சொல்றது?"

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் பேராலயம் தப்பியது, உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். அதே நேரத்தில் வெளியே கடற்கரையிலும் கடைத்தெருவிலும் இருந்த நூற்றுக்கணக்கானவர்களைத் தண்ணீர் கொண்டுபோனது, அவர்களிலும் பலர் மாதாவைத் தேடி வந்த யாத்திரீகர்கள்தான். உள்ளே இருந்தவர்கள் நன்றி சொன்னது சரி, சொல்லத்தான் வேண்டும். வெளியே பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு மறுபடியும் அதே கோயிலுக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்களே, அதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

எபிரெயர் 11இல் சிங்கத்தின் வாயை அடைத்தவர்களைச் சொல்லிக்கொண்டே வந்து, 35ஆம் வசனத்தின் நடுவில் அப்படியே திரும்பி, வாதிக்கப்பட்டவர்கள், கல்லெறியுண்டவர்கள், வாளால் அறுப்புண்டவர்கள் என்று போகிறது. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே சாட்சிதான், விசுவாசத்தினால் நற்சாட்சி பெற்றார்கள் (11:39). எல்லாச் சபைகளிலும் சாட்சி நேரத்தில் இந்த இரண்டாவது கூட்டத்துக்கும் மைக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. "மகன் இல்லை, இன்னமும் கர்த்தரை நம்புகிறோம்" என்று ஒரு வரி போதும். அந்த வரியைச் சொல்ல உங்களுக்கு இன்னும் தெம்பு வரவில்லை என்றால் சொல்லவும் வேண்டாம்.

"எனக்கு அவர் இருக்காரான்னே சந்தேகமா இருக்கு. என் விசுவாசம் போயிடுச்சா?"

வழி ஆயத்தம் பண்ணின யோவான்ஸ்நானனே சிறையிலிருந்து ஆள் அனுப்பி, வருகிறவர் நீர்தானா, இல்லை வேறொருவர் வர நாங்கள் காத்திருக்க வேண்டுமா என்று கேட்டான் (மத்தேயு 11:3). இயேசு அவனைக் கடிந்துகொள்ளவில்லை, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவனைவிடப் பெரியவன் இல்லை என்று அதே அதிகாரத்தில் சொன்னார். மகனைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுதான் (மாற்கு 9:24), மகன் சுகமானான்.

பேதுருவிடம் இயேசு சொன்னதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" (லூக்கா 22:32). சொன்ன ராத்திரியிலேயே பேதுரு மூன்றுதரம் மறுதலித்தான். ஆனாலும் ஒழிந்துபோகவில்லை. நாம் அவரைப் பிடித்திருக்கிற பிடி தளர்கிற நாட்களிலும் அவர் நமக்காக வேண்டிக்கொள்வதை நிறுத்துவதில்லை, உறுதியான விசுவாசம் என்று நான் நம்புவது இதைத்தான்.

"கஷ்டத்துல இருக்கிறவங்க வீட்டுக்குப் போனா என்ன பேசணும்?"

யோபுவின் சிநேகிதர்கள் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது (யோபு 2:13). வாயைத் திறந்ததும் கெடுத்துவிட்டார்கள். போனால் உட்காருங்கள். "எல்லாம் நன்மைக்கே" என்று ரோமர் 8:28ஐ அன்றைக்கே எடுத்து நீட்டாதீர்கள், அது உண்மைதான், ஆனால் அவர்களே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய உண்மை. கையில் ஏதாவது கொண்டுபோங்கள், ஆஸ்பத்திரியில் கூட இருக்கிறவருக்குச் சோறு, மாற்றுத்துணி, போன் சார்ஜர். ஒரு ராத்திரி நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்று சொல்லுங்கள். ஜெபத்தைச் சுருக்கமாக முடியுங்கள். மூன்று மாதம் கழித்து எல்லாரும் மறந்த பிறகு இன்னொரு தரம் போங்கள்.

"ரொம்ப மாசமா கோயிலுக்கே போகல. இப்ப போனா எல்லாரும் துருவித் துருவிக் கேப்பாங்களே?"

கேட்பார்கள், நம் ஊர் அப்படித்தான். ஆயருக்கோ நம்பிக்கையான ஒருவருக்கோ முன்னாடியே போன் செய்து, "வருகிறேன், யாரும் எதுவும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். கூட்டம் குறைவான காலை முதல் ஆராதனைக்குப் போங்கள், கடைசி வரிசையில் உட்காருங்கள், பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடுவதைக் கேளுங்கள். திருவிருந்து நாளாகப் பார்த்துப் போவது நல்லது, அங்கே நீங்கள் பேச வேண்டியது எதுவும் இல்லை, கையை நீட்டினால் கொடுப்பார்கள். ஆசீர்வாதம் முடிந்ததும் கிளம்பிவிடலாம், அடுத்த வாரம் முடிந்தால் வரலாம்.